தாழும் மண், சாயும் பனை

சுமத்ராத் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது ரியாவ் மாகாணம். அங்கே மட்காத மரமும் இலையும் அடுக்கடுக்காகச் சேர்ந்த பீட் நிலத்தில் நட்ட எண்ணெய்ப்பனைகள் நேராக நிற்பதில்லை. பத்துப் பதினைந்து வயதான மரங்கள் ஆளுக்கொரு திசையில் சாய்ந்திருக்கும். சில மரங்கள் தரையோடு படுத்து, குருத்தை மட்டும் மறுபடி வானத்தை நோக்கி வளைத்திருக்கும். மண்ணுக்குள் இருக்க வேண்டிய வேர்க்கட்டு முழங்கால் உயரத்துக்கு வெளியே தெரியும். காற்று இவற்றைச் சாய்க்கவில்லை. நட்ட உயரத்திலேயே நிற்க மரம் பார்க்கிறது, காலடி மண் கீழே போய்விட்டது. ஆழத் தூண் ஊன்றிக் கட்டிய வீடுகளில் தரைக்கும் வாசலுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போவதற்கும் காரணம் இதுதான்.

அந்த மண்ணைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள ஒரு காரணம் உண்டு. உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. இந்தோனேசியாவும் மலேசியாவும்தான் அதில் பெரும்பகுதியை அனுப்புகின்றன. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு லிட்டர் பாக்கெட், வாங்குபவருக்கு விலை குறைந்த சமையல் எண்ணெய். அது விளைந்த ஊரில் அதன் கணக்கு வேறு மாதிரி எழுதப்படுகிறது.

எண்ணெய்ப்பனை அந்த ஊர்களுக்குப் புதிய மரம். மலேசியத் தமிழர்கள் செம்பனை என்று சொல்லும் இந்த மரத்தின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848ஆம் ஆண்டு ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் வாரிசுகள் வடக்குச் சுமத்ராவின் டெலிப் பகுதிக்குப் போய், புகையிலைத் தோட்டச் சாலைகளில் அழகுக்காக நின்றன. 1911இல் அட்ரியன் ஹாலே என்ற பெல்ஜியர்தான் அதை வணிகப் பயிராக நட்டார். (டெலித் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள் மேடான் நகரத்துக் கம்போங் மெட்ராஸ் பகுதியில் இன்றும் இருக்கிறார்கள்.)

பல தோட்டக் கிராமங்களில் மனிதர்களும் அவ்வளவு பழையவர்கள் அல்லர். ஜாவாவில் ஆள் நெருக்கம், வெளித்தீவுகளில் நிலம் தாராளம் என்று கணக்குப் போட்ட டச்சு அரசு, 1905இல் மத்திய ஜாவாவிலிருந்து குடும்பங்களை சுமத்ராவின் லம்புங் பகுதிக்கு அனுப்பியது. விடுதலைக்குப் பிறகு வந்த அரசுகளும் அதைத் தொடர்ந்தன. குடியரசுத் தலைவர் சுகார்த்தோ காலத்தில் உலக வங்கியின் கடனோடு அது பெரும் திட்டமாக வளர்ந்தது. டிரான்ஸ்மிக்ராசி என்பது அதன் பெயர். 1986இல் இந்தக் குடியேற்றத்தை எண்ணெய்ப்பனையோடு முடிச்சுப் போட்டார்கள். நடுவில் கம்பெனியின் தோட்டமும் ஆலையும், சுற்றிலும் குடியேறியவர்களின் சிறு தோட்டங்கள். ஒரு குடும்பத்துக்குச் சிறிய மரவீடு, வீட்டைச் சுற்றிக் கொல்லை, கம்பெனி நட்டுக் கொடுத்த 2 ஹெக்டேர் பனை, அதற்கான கடன். கூட்டுறவுச் சங்கத்தில் குலை போடும் ஒவ்வொரு முறையும் கடனுக்கு ஒரு பங்கு பிடித்துக்கொள்வார்கள். கடன் அடைந்தால்தான் பட்டா கைக்கு வரும். ஊர்களுக்குப் பெயர் வைக்கக்கூட அவகாசம் இல்லை, எஸ்.பி.1, எஸ்.பி.2 என்று குடியிருப்புக்கு எண் போட்டார்கள். பிறகு ஊருக்குப் பெயர் வந்தும் பலர் வாயில் அந்த எண்ணே நிற்கிறது.

குடியேற்றத்துக்கு எடுத்தது வெற்று நிலமும் அல்ல. மலாய்க் கிராமத்தார் காட்டுக்குள் ஓரிரு ஆண்டு நெல் போட்டு, அதனூடே ரப்பர் கன்று நட்டுவிட்டு நகர்வார்கள். காடு மறுபடி எழும்பும்போது ரப்பரும் கூடவே எழும்பும். வெளியாள் கண்ணுக்குக் காடு, ஊராருக்குத் தோட்டம். பழமரமும் பிரம்பும் பறவையும் அதற்குள் இருந்தன. எழுத்து ஆவணம் இல்லாத இந்த உரிமையை அரசின் வரைபடம் கணக்கில் எடுக்கவில்லை. இன்றைக்கும் ரியாவிலும் பக்கத்து மாகாணமான ஜம்பியிலும் நடக்கும் நிலத் தகராறுகளில் பலவற்றின் வேர் இங்கே இருக்கிறது.

ஆனாலும் இந்த மரத்தை வில்லனாக்கி எழுதுவது எனக்குச் சம்மதமில்லை. எண்ணெய்ப்பனையால் கல்வீடு கட்டியவர்கள், பிள்ளைகளைப் பெக்கான்பாரு நகரில் கல்லூரிக்கு அனுப்பியவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இந்தோனேசியாவின் எண்ணெய்ப்பனைப் பரப்பு சுமார் 1.6 கோடி ஹெக்டேர். அதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இத்தகைய சிறு விவசாயிகளுடையது. மரத்தின் திறமையும் சாதாரணமானது அல்ல. ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோண வரிசையாக நட்டால் ஹெக்டேருக்கு 143 மரம் நிற்கும். நல்ல சிறு விவசாயி ஒருவர் ஹெக்டேருக்கு ஆண்டுக்குப் பதினைந்து டன் குலை வெட்டுவார். அதிலிருந்து ஆலையில் சுமார் மூன்று டன் எண்ணெய் இறங்கும். சோயா விதைத்த அதே பரப்பில் அரை டன் எண்ணெய் கிடைத்தாலே அதிகம். உலகின் பாமாயில் தேவை முழுவதையும் வேறு பயிருக்கு மாற்றினால் அழியப்போகும் நிலம் இன்னும் கூடுதலாக இருக்கும்.

இந்தத் தோட்டக் கிராமங்களின் நாள்காட்டியை எழுதுவது ஒரு நொதி. கனிந்த பனம்பழத்தின் சதையில் எண்ணெயும், அதை உடைக்கும் லிபேஸ் நொதியும் தனித்தனியே இருக்கின்றன. குலையை வெட்டி, அது தரையில் விழுந்து பழம் நசுங்கியதும் இரண்டும் கலக்கின்றன. நொதி எண்ணெயைக் கொழுப்பு அமிலங்களாகப் பிரிக்கத் தொடங்குகிறது. இப்படிப் பிரிந்த அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டினால் கச்சா எண்ணெய் தரம் குறைந்ததாகிவிடும். ஆலையில் குலையை முதலில் நீராவியில் அவிப்பது நொதியைக் கொல்வதற்காகத்தான். எனவே வெட்டிய குலை ஒரு நாளில், மிஞ்சினால் இரண்டு நாளில் ஆலைக்குள் போயாக வேண்டும். நெல்லைப் போலப் பத்தாயத்தில் கொட்டி வைத்து விலைக்குக் காத்திருக்க முடியாது.

கிராமத்தின் பொருளாதாரம் முழுவதும் இதிலிருந்துதான் கிளைக்கிறது. பெரும்பாலான சிறு தோட்டங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அறுவடை. மரம் குட்டையாக இருக்கும்வரை டோடோஸ் என்ற உளிக்கத்தி. வளர்ந்த பிறகு எக்ரெக், அதாவது நீண்ட கழியின் நுனியில் பிறை போன்ற அரிவாள். ஆண்கள் வெட்டுவார்கள். குலையிலிருந்து உதிர்ந்து சிதறிய பழங்களைப் பெண்கள் பொறுக்கிச் சாக்கில் நிரப்புவார்கள். உதிர்பழத்தில்தான் எண்ணெய் அதிகம். அந்தக் குனிந்த வேலைக்குக் கூலி குறைவு. மோட்டார் சைக்கிளின் இருபக்கமும் கூடை கட்டிக் குலைகளைச் சாலைக்குக் கொண்டுவருவார்கள். அங்கே தொக்கே என்ற வியாபாரியின் லாரி நிற்கும். மாகாணத்தின் தோட்டத் துறை குலைக்கு விலை அறிவிக்கும் என்றாலும், அந்த விலை முதன்மையாக ஆலையோடு ஒப்பந்தம் உள்ளவர்களுக்கே கிடைக்கும். தனி விவசாயிக்குத் தொக்கே சொல்வதே விலை. காம்பு நீளம், ஈரம், காய் என்று எடையிலும் கழிப்பார். அதே தொக்கேதான் உரத்துக்குக் கடன் தருபவர், மருத்துவச் செலவுக்கு முன்பணம் தருபவர். மழையில் சாலை சேறாகி லாரி வராத வாரம் குலை தோட்டத்திலேயே அழுகும். ஆலையிலிருந்து எத்தனை கிலோமீட்டர், இடையில் சாலை எப்படி என்பதைப் பொறுத்தே ஒரு தோட்டத்தின் மதிப்பு அமைகிறது.

2022 ஏப்ரல் 28 அன்று, உள்நாட்டில் சமையல் எண்ணெய் விலையைக் குறைப்பதற்காக இந்தோனேசிய அரசு பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. ஆலைகளின் தொட்டிகள் நிரம்பின, குலை வாங்குவது குறைந்தது, விலை சரிந்தது. விவசாயிகள் ஜகார்த்தாவில் வந்து போராடினார்கள். மே 23 அன்று தடை நீங்கியது. ஒரு மாதத்துக்கும் குறைந்த தடைதான். அந்த நாட்களிலும் மரம் தன் பாட்டுக்குக் குலை தள்ளிக்கொண்டே இருந்தது.

விதை விஷயத்தில் நடப்பது இதைவிட நீண்ட துன்பம். எண்ணெய்ப்பனையின் பழத்தில் ஓட்டின் தடிப்பை ஒரே மரபணு தீர்மானிக்கிறது. தடித்த ஓடுள்ளது டூரா, ஓடே இல்லாதது பிசிஃபெரா. பிசிஃபெராவின் பெண்பூங்கொத்து பெரும்பாலும் காய்க்காமலே அழுகும். இரண்டையும் கலந்தால் கிடைக்கும் டெனெரா மெல்லிய ஓடும் நிறைந்த சதையும் கொண்டது. டூராவைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் எண்ணெய் தரும். பெல்ஜியக் காங்கோவில் 1940களின் தொடக்கத்திலேயே இந்த மரபுவழிக் கணக்கு தெளிவாகிவிட்டது. மரபணுவை 2013இல் அடையாளம் கண்டார்கள். தோட்டத்துக்கு வேண்டியது டெனெரா மட்டுமே. ஆனால் நல்ல டெனெரா மரத்தின் அடியில் கிடக்கும் பழத்தைப் பொறுக்கி முளைக்க வைத்தால் பிள்ளைகள் பிரிந்துவிடும்: பாதிதான் டெனெரா, கால் பங்கு டூரா, கால் பங்கு காய்க்காத பிசிஃபெரா. வடக்குச் சுமத்ராவின் மாரிஹாட் ஆராய்ச்சி நிலையத்து விதை என்று சொல்லி இப்படிப் பொறுக்கிய விதையைச் சந்தையில் விற்பவர்கள் உண்டு. 143 மரத்தில் முப்பத்தைந்து மலடு என்பது நட்டவருக்கு மூன்று, நான்கு ஆண்டு கழித்தே தெரியும். அதற்குள் உரத்துக்கு அவர் பட்ட கடன் ஏறியிருக்கும். அந்தத் தோட்டத்தோடுதான் இருபத்தைந்து ஆண்டு ஓட்ட வேண்டும். என்னைக் கேட்டால், சிறு விவசாயிக்கு அரசு செய்யக்கூடிய மிக மலிவான உதவி, வீட்டு வாசலில் நம்பகமான கன்று கொண்டுவந்து தருவதுதான். விளைச்சல் கூடினால் புதிய நிலம் தேடிக் காட்டுக்குள் போகும் தேவையும் குறையும்.

இதுவரை சொன்னது எந்த மண்ணில் நட்ட பனைக்கும் பொருந்தும். இந்தோனேசியாவின் பெரும்பாலான பனைத் தோட்டங்கள் சாதாரண மண்ணில்தான் இருக்கின்றன. ஆனால் மேட்டுநிலம் தீர்ந்ததும் கம்பெனிகளும், பின்னாலேயே சிறு விவசாயிகளும் கரையோரப் பீட் நிலத்துக்குள் இறங்கினார்கள். அங்கே காலுக்கடியில் இருப்பதை மண் என்று சொல்வதே முழு உண்மை ஆகாது.

சுமார் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைய நிலைக்கு அருகே வந்து நின்றபோது, சுமத்ராவின் கிழக்குக் கரையில் ஆறுகளுக்கு இடைப்பட்ட சேற்றில் காடு முளைத்தது. உதிர்ந்த இலை, செத்த வேர், விழுந்த மரம் எல்லாம் நீருக்குள் கிடந்தன. நீருக்குள் உயிர்வளி இல்லை, அமிலமும் கடுமை. மரத்தைத் தின்று செரிக்கும் பூஞ்சைகள் அங்கே வேலை செய்ய முடியவில்லை. மட்காமல் மிச்சமானவை ஆண்டுக்கு ஓரிரண்டு மில்லிமீட்டர் வீதம் அடுக்கடுக்காக ஏறின. இன்று பல இடங்களில் அந்த அடுக்கு பல மீட்டர் ஆழம், சில இடங்களில் பத்து மீட்டருக்கும் மேல். நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரிந்த குமிழ் வடிவம் அதற்கு. ஆற்று வெள்ளம் அதன் உச்சிக்கு எட்டாது. மழை ஒன்றே அதன் நீர், மழையோடு வரும் தூசி ஒன்றே அதன் உணவு. கன அளவில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் தண்ணீர். இந்தோனேசியாவில் இப்படி 1.3 கோடி ஹெக்டேருக்கும் மேல் இருக்கிறது. சுமத்ராவில் மிக அதிகம் ரியாவில்.

உப்புநீருக்குள் அமிழ்ந்திருக்கும்வரை மாவடு வருடக்கணக்கில் கெடாது. ஜாடியில் நீர்மட்டம் இறங்கி மேல்வடு வெளியே தலைகாட்டினால் சில நாளில் பூஞ்சை பிடித்துவிடும். பீட் நிலத்தின் விதியும் அதுவே. எண்ணெய்ப்பனையின் வேருக்குக் காற்று வேண்டும். நீர்மட்டத்தை அரை மீட்டராவது, பல தோட்டங்களில் அதற்கும் மேலாகவும், இறக்குவதற்கு எக்ஸ்கவேட்டர் வைத்து வாய்க்கால் வெட்டுகிறார்கள். வாய்க்கால் ஓடிய அன்றே மூன்று காரியங்கள் தொடங்குகின்றன. நீரில் மிதந்தவாறு இருந்த மேலடுக்கு தன் எடையாலேயே கீழடுக்கை நசுக்குகிறது. உலர்ந்த பீட் சுருங்குகிறது. ஐயாயிரம் ஆண்டு காத்திருந்த பூஞ்சைகளும் நுண்ணுயிரிகளும் இப்போது கிடைத்த உயிர்வளியோடு அதைத் தின்று கரியமில வாயுவாக வெளியே விடுகின்றன. முதல் இரண்டும் சில ஆண்டுகளில் அடங்கும். மூன்றாவது, நீர்மட்டத்துக்கு மேலே பீட் இருக்கும்வரை நிற்காது.

சுமத்ராவில் பீட்டுக்குள் கம்பம் ஊன்றி ஆண்டுக்கணக்கில் அளந்திருக்கிறார்கள். வாய்க்கால் வெட்டிய முதல் ஐந்தாண்டில் தரை ஒரு மீட்டருக்கும் மேல் இறங்குகிறது. அதன் பிறகு ஆண்டுக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர். இயற்கை இருபத்தைந்து முதல் ஐம்பது ஆண்டு எடுத்துச் சேர்த்த அடுக்கு அது. ஒரே ஆண்டில் போகிறது. ஒரு பனைத் தோட்டத்தின் ஆயுளான இருபத்தைந்து ஆண்டில் தரை இரண்டு மீட்டருக்கும் மேல் தாழும். வேர் பிடிக்க நிலம் இல்லாமல் மரம் சாய்வதில் வியப்பென்ன?

மண் காற்றில் கரைவதற்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு 2014இல் வெளியிட்ட ஈரநில வழிகாட்டியின்படி, நீர் வடித்த பீட்டில் நட்ட பனைத் தோட்டம் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 11 டன் கரிமத்தை இழக்கிறது. கரியமில வாயுவாகச் சொன்னால் 40 டன். அதே ஹெக்டேர் தரும் எண்ணெய் மூன்று, மூன்றரை டன். வகுத்துப் பாருங்கள்: ஒவ்வொரு கிலோ எண்ணெய்க்கும் பத்துக் கிலோவுக்கு மேல் கரியமில வாயு, மண்ணிலிருந்து மட்டும். உரம், ஆலை, கப்பல் எதுவும் இதில் சேரவில்லை. மேட்டுநிலத் தோட்டத்தின் மண்ணில் இந்தச் செலவு இல்லை. பாக்கெட்டுக்குள் போன பிறகு இரண்டு எண்ணெய்க்கும் நிறத்திலோ விலையிலோ வித்தியாசம் தெரியாது.

ஊராருக்கு இதைவிட நெருங்கிய ஆபத்து தண்ணீர். கரையோரத்தில் பல இடங்களில் பீட்டின் அடித்தளம் கடல்மட்டத்துக்கு அருகிலோ கீழேயோ இருக்கிறது. தரை தாழத் தாழ, வாய்க்கால் நீர் தானாகக் கடலுக்கு வடியும் சரிவு குறைகிறது. வெள்ளம் வந்தால் வடியாத நாட்கள் கூடுகின்றன. ஹாலந்தில் செய்வதுபோலப் பம்பு வைத்து இறைக்கலாமே என்றால், ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும் இடத்தில் அந்தச் செலவைப் பனங்குலை தாங்காது. பீட் முழுவதும் போனபின் அடியில் தெரிவதும் பல இடங்களில் நல்ல மண் அல்ல. பழைய கடற்சேற்றில் உள்ள இரும்பு சல்ஃபைடு காற்றுப் பட்டதும் கந்தக அமிலமாக மாறும். அதில் எந்தப் பயிரும் இலகுவில் நிற்காது. பட்டா கையில் இருக்கும், நிலம் இருக்காது.

நெருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். புகை மூட்டம் வரும் ஆண்டுகளில் செய்தித்தாள்கள் சிறு விவசாயியின் தீக்குச்சியைக் காட்டும். அவர் தீ வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பீட் கடும் அமில நிலம்; தாமிரமும் துத்தநாகமும் பொட்டாசியமும் அதில் குறைவு. சாம்பல் அமிலத்தைத் தணித்து ஒரு பயிருக்கு வேண்டிய சத்தைக் கொடுக்கிறது. எக்ஸ்கவேட்டர் வாடகை கொடுக்க முடியாதவருக்கு நிலத்தைத் துப்புரவாக்க அதுவே வழி. ஈரமான பீட்டில் இந்த நெருப்பு மேலோடு அணைந்துவிடும். நீரை வடித்து உலர்த்திய பீட்டில் அது கீழே இறங்கும். சுடர் இல்லாமல், கண்ணுக்குத் தெரியாமல், வாரக்கணக்கில் கனன்றுகொண்டே நகரும். ஓரிடத்தில் அணைத்தால் இன்னோரிடத்தில் புகையும். மழை குறையும் எல் நினோ ஆண்டுகளில் இது பேரழிவாகிறது. 1997இல் இந்தோனேசியாவில் பீட்டும் அதன் மேலிருந்த செடிகொடிகளும் எரிந்து வெளியான கரிமம், உலகம் முழுவதும் ஓராண்டில் சராசரியாக எரிக்கும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு வெளியேற்றத்தில் 13 முதல் 40 விழுக்காடு என்று 2002இல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். 2015இல் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. உலக வங்கி போட்ட இழப்புக் கணக்கு 1600 கோடி டாலர். பள்ளிகள் மூடப்பட்டன, குழந்தைகள் வாரக்கணக்கில் புகையைச் சுவாசித்தார்கள். தீக்குச்சி ஒருவர் கையில் இருந்திருக்கலாம், நிலத்தை உலர்த்திய வாய்க்கால் வேறு பலர் வெட்டியது.

2015 தீக்குப் பிறகு அரசு விழித்தது. 2016 ஜனவரியில் பீட் மீட்புக்கென்று தனி அமைப்பு உருவானது. அதே ஆண்டு திருத்திய விதிப்படி, பயிர் செய்யும் பீட்டில் நீர்மட்டம் தரையிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. சரியான திசை. ஆனால் இரண்டு ஹெக்டேர் வைத்திருக்கும் ஒருவர் இதை எப்படிக் கடைப்பிடிப்பார்? நீருக்கு வரப்பு தெரியாது. பீட்டுக் குமிழின் ஒரு ஓரத்தில் கம்பெனி ஆழமாக வெட்டினால் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஊரின் நீர்மட்டமும் இறங்கும். தன் வாய்க்காலை அடைத்தவரின் தோட்டம் மட்டும் மூழ்கும், பக்கத்துத் தோட்டக்காரர் சண்டைக்கு வருவார். பீட்டில் விவசாயம் தனியாள் முடிவாக இருக்கவே முடியாது. ஒரு குமிழ் முழுவதற்கும் சேர்ந்த முடிவாகத்தான் இருக்க முடியும்.

அப்படிச் சேர்ந்து முடிவெடுத்த ஊர் ஒன்று ரியாவிலேயே இருக்கிறது. மெராந்தித் தீவுகளில் தெபிங் திங்கித் தீவின் கிழக்குப் பகுதியில் உள்ள சுங்கை தோஹோர். அந்த ஊரின் பயிர் எண்ணெய்ப்பனை இல்லை, சாகோ. அதுவும் பனைதான், ஆனால் சதுப்பிலேயே பிறந்து வளரும் பனை. அதற்காக நீரை வடிக்க வேண்டாம். பத்துப் பன்னிரண்டு ஆண்டு வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூக்கும். பூக்கும் முன் அடிமரம் முழுவதும் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கும். அந்த நேரம் பார்த்து வெட்டினால் ஒரு மரத்திலிருந்து நூற்றைம்பது கிலோவுக்கும் மேல் மாவு எடுக்கலாம். வாழையைப் போல அடியில் பக்கக் கன்றுகள் காத்திருக்கும். ஒரு முறை நட்டவருக்கு மறுநடவு கிடையாது. வெட்டிய மரத்தைத் துண்டு போட்டு, வாய்க்காலில் மிதக்கவிட்டு ஊர் ஆலைக்கு இழுத்து வருவார்கள். துருவி, கழுவி, படிய வைத்தால் வெள்ளை மாவு. அதில் நூடுல்ஸ் செய்வார்கள், வறுத்த மணி செய்வார்கள், தேங்காய்ப் பால் சேர்த்துப் பிஸ்கட்டும் செய்வார்கள். மிச்சம் கப்பலேறி ஜாவாவின் சிரெபோன் நகரத்துச் சேமியா ஆலைகளுக்குப் போகும். நம் பாயசத்து ஜவ்வரிசிக்கும் மூலப்பொருள் முன்பு இந்த மாவுதான். இப்போது சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து செய்கிறோம்.

அந்த ஊருக்கு அருகே ஒரு கம்பெனி தன் உரிமப் பகுதியில் பெரிய வாய்க்கால் வெட்டியது. பீட் உலர்ந்தது. 2014இன் தொடக்கத்தில் வந்த தீயில் சாகோத் தோப்புகள் எரிந்தன. ஊரார் தாங்களே வாய்க்காலுக்குக் குறுக்கே தடுப்பு போட்டார்கள், குடியரசுத் தலைவர் வந்து பார்க்க வேண்டும் என்று இணையத்தில் மனு எழுதினார்கள். அதே ஆண்டு நவம்பரில், பதவியேற்ற அடுத்த மாதமே, குடியரசுத் தலைவர் ஜோக்கோ விடோடோ அந்த ஊருக்கு வந்தார். ஊராரோடு சேர்ந்து வாய்க்காலில் மரத் தடுப்பு போட்டார். பின்னர் அந்தக் கம்பெனியின் உரிமம் ரத்தானது. நிலத்தின் ஒரு பகுதி சுற்றியுள்ள கிராமங்களின் பொறுப்பில் கிராமக் காடாக வந்தது.

சாகோவுக்கும் குறைகள் உண்டு. முதல் வெட்டுக்குப் பத்தாண்டு பொறுக்க வேண்டும். எண்ணெய்ப்பனை போல இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கையில் பணம் வராது. மாவு கழுவிய நீரும் சக்கையும் ஆற்றில் கலந்து அதைக் கெடுக்கின்றன. எல்லாரும் சாகோவுக்கு மாறினால் வாங்க ஆளும் போதாது. பனைக் கடனில் இருப்பவரிடம் போய் நாளைக்கே மரத்தை வெட்டு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அதற்கான தருணம் ஒன்று தானாகவே வருகிறது. 1980களிலும் 90களிலும் நட்ட பனைகளுக்கு இப்போது ஆயுள் முடிகிறது. பன்னிரண்டு மீட்டருக்கு மேல் உயர்ந்த மரத்துக் குலையை எக்ரெக்கால் எட்டி வெட்டுவது கடினம். மறுநடவு செய்தால் அடுத்த மூன்று, நான்கு ஆண்டு வருமானம் இல்லை. இதற்கென்று 2017இல் தொடங்கிய திட்டத்தில், பாமாயில் ஏற்றுமதி வரியிலிருந்து ஹெக்டேருக்கு முதலில் 2.5 கோடி ரூபியா கொடுத்தார்கள். படிப்படியாக உயர்ந்து 2024இல் அது 6 கோடியானது. அரசு ஆவணத்தில் வன எல்லைக்குள் இருக்கும் தோட்டக்காரர்களுக்கு அது கிடைப்பதில்லை, பீட்டில் இருப்பவர்களில் பலர் அப்படிப்பட்டவர்கள். மரம் வெட்டப்படும் இந்த ஓராண்டுதான் வாய்க்காலை அடைக்கவும் நீர்மட்டத்தை உயர்த்தவும் ஏற்ற ஆண்டு. மேட்டுநிலத்தில் நல்ல டெனெராக் கன்று, ஆழம் குறைந்த பீட்டில் 40 சென்டிமீட்டர் நீரோடு பனை, ஆழமான பீட்டில் சாகோவோ காடோ என்று பிரித்து, மாறுகிறவருக்கு இடைப்பட்ட ஆண்டுகளின் வருமானத்தை அரசு கொடுத்தால் ஊரும் பிழைக்கும், மண்ணும் பிழைக்கும். அந்தப் பணத்தை மறுபடி பனை நடுபவருக்கு மட்டும் கொடுத்தால், ஆழமான பீட்டில் அடுத்த இருபத்தைந்து ஆண்டுக்கு இன்னும் ஒரு மீட்டருக்கும் மேல் மண்ணை எரிக்கவே அரசு உதவுகிறது என்று அர்த்தம்.

நம் பக்கத்திலும் செய்ய வேண்டியது உண்டு. காடழித்த நிலத்தின் பொருளைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் செய்து, விளைந்த தோட்டம் எங்கே இருக்கிறது என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு சொல்ல வேண்டும் என்று விதித்தது. அதைவிட அதிகமாக வாங்கும் நாம் விலையை மட்டும் கேட்கிறோம். 2021இல் அறிவித்த தேசிய எண்ணெய்ப்பனைத் திட்டத்துக்கு இந்திய அரசு, மாநிலங்களின் பங்கையும் சேர்த்து, 11,040 கோடி ரூபாய் ஒதுக்கி, இங்கேயும் லட்சக்கணக்கான ஹெக்டேரில் இந்த மரத்தை நடச் சொல்கிறது. நீர்மட்டம் என்ன ஆகும் என்ற கேள்வியை அந்தத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். ரேஷனுக்குப் பாமாயில் வாங்கும் அரசுகள் தங்கள் டெண்டர் நிபந்தனையில் ஒரு வரி சேர்க்கலாம்: புதிதாக நீர் வடித்த பீட் நிலத்து எண்ணெய் வேண்டாம். அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள்.